‘ஆகையால்’ என்ற ஒரு சொல்

அன்பான வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தமிழ்நாடு–கேரள எல்லையில், களியக்காவிளைச் சந்தைக்கு அருகே எங்கள் வீடு. விடியற்காலை நான்கு மணிக்கு வாசலில் வந்து நின்றால் எதிரே உள்ள ரப்பர்த் தோட்டத்தில் தலைவிளக்குகள் மரத்துக்கு மரம் நகர்வது தெரியும். குளிர்ந்த நேரத்தில்தான் மரத்தில் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏறக் குறைந்துவிடும். அதனால் பால் வெட்டுகிறவர்கள் இருட்டிலேயே கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் விழித்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதே நேரத்தில் எங்கள் தெருவில் வேறு சில வீடுகளிலும் விளக்கு எரிகிறது. அங்கே யாரும் வேலைக்குக் கிளம்பவில்லை. தூக்கம் வராமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியன். ஞாயிறு பள்ளியில் நாற்பது ஆண்டுகளாகச் சிறுவர்களுக்கு வேதபாடம் சொல்லி வருகிறேன். ஆராதனை முடிந்ததும் ஆலய வாசலில் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்துப் பேசுவது வழக்கம். முன்பெல்லாம் பிள்ளைக்குப் பரீட்சை, மாட்டுக்கு நோய், அண்ணன் தம்பி வழக்கு என்று ஜெபிக்கச் சொல்வார்கள். இப்போது அதிகமாகக் கேட்பது ஒரே வாக்கியம்: “சார், மனசு பதறுகிறது, ஏனென்று தெரியவில்லை.”

இதைக் கேட்டவுடன் நம்மில் பலர் சொல்லும் பதில் ஒன்று உண்டு. காலம் கெட்டுவிட்டது, பிள்ளைகள் கெட்டுவிட்டார்கள், கைப்பேசி எல்லாரையும் கெடுத்துவிட்டது. இந்தப் பதிலை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. எங்கள் எல்லைப் பகுதியில் நடப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் 2011 ஜூன் மாதத்திலிருந்து ரேஷன் அரிசி இலவசம். ஏழை வீட்டு அடுப்புக்கு என்று வரும் அந்த அரிசி, மூட்டை மூட்டையாக எல்லையைத் தாண்டிப் போய் விலைக்கு விற்கப்படுகிறது. நடுராத்திரியில் குறுக்குப் பாதையில் அந்த மூட்டையைப் பைக்கில் ஏற்றிச் செல்கிறவன் இருபது வயதுப் பையனாக இருக்கலாம். மூட்டை கட்டியவரும், விலை பேசியவரும், கண்டும் காணாதிருந்தவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். அந்தப் பையனின் அம்மா பைக் சத்தம் வாசலில் கேட்கும்வரை கண்ணை மூடுவதில்லை. அவளுடைய பதற்றத்துக்கு நாம் மாத்திரை தேடுகிறோம். மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசுவதில்லை.

ஒழுக்கம் குறைவது ஒரு சிக்கல், மனக்கலக்கம் இன்னொரு சிக்கல் என்று நாம் பிரித்துவைத்திருக்கிறோம். முதலாவதற்குக் கண்டனப் பிரசங்கம். இரண்டாவதற்கு ஆறுதல் வசனம். இயேசு இவற்றை ஒன்றாகப் பார்த்தார். அதை எனக்குக் காட்டியது ஒரே ஒரு சொல்.

மத்தேயு சுவிசேஷம் ஆறாம் அதிகாரத்தை அறியாத கிறிஸ்தவர் இருக்க முடியாது. ஆகாயத்துப் பறவைகள், காட்டுப் புஷ்பங்கள், கவலைப்படாதிருங்கள் என்ற ஆறுதல். அந்தப் பகுதியை எப்போதும் இருபத்தைந்தாம் வசனத்திலிருந்தே வாசிக்கிறோம். அந்த வசனத்தின் முதல் சொல் என்ன? ‘ஆகையால்.’ “ஆகையால் என்னத்தை உண்போம், என்னத்தைக் குடிப்போம்” என்று தொடங்குகிறது. கிரேக்க மூலத்திலும் அப்படியே, ‘இதன் காரணமாக’ என்ற பொருளில் இருக்கிறது. எதன் காரணமாக? முந்தைய வசனத்தைப் பாருங்கள். “தேவனுக்கும் உலகப்பொருளுக்கும் ஊழியஞ்செய்ய உங்களால் கூடாது.” அதைச் சொன்ன மூச்சிலேயே, “ஆகையால் கவலைப்படாதிருங்கள்” என்கிறார். இரண்டு எஜமான்களிடம் வேலை செய்கிற வேலைக்காரனை நினைத்துப் பாருங்கள். இவர் கூப்பிடும்போது அவரை நினைத்துப் பயம், அவர் கூப்பிடும்போது இவரை நினைத்துப் பயம். ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குத் தெரியக்கூடாது. அவனுக்குத் தூக்கம் எப்படி வரும்? நாம் ‘ஆகையால்’ என்ற சொல்லை வெட்டிவிட்டு மிச்சத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டோம்.

நான் இதைப் புத்தகத்திலிருந்து மட்டும் பேசவில்லை. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்கிறேன். இதை என் சபையார் முன்னால் ஏற்கெனவே அறிக்கையிட்டிருக்கிறேன்.

2009-ஆம் ஆண்டு என் மூத்த மகளுக்குத் திருமணம். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வகுப்பில் நானே அதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கமும் சரி, கேரளத்துப் பாறசாலைப் பக்கமும் சரி, சீதனம் இல்லாமல் பேச்சே தொடங்காது. ஐம்பது பவுன் என்று ஒப்புக்கொண்டேன். என்னிடம் இருந்தது முப்பது. மிச்சத்துக்கும் விருந்துச் செலவுக்குமாக, நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் வட்டியில் ஒருவரிடம் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் வாங்கினேன். மாப்பிள்ளை வீட்டாரிடம் எல்லாம் சேமிப்பு என்றேன். என் மனைவியிடம் கடன் இரண்டு லட்சம் என்றேன். திருமணத்தன்று மகள் கழுத்து நிறைய நகையோடு ஆலயத்துக்குள் வந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நான் மட்டும் நகையைப் பார்த்து வட்டியைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் மகளின் முகம் அன்று எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் நினைவில்லை.

அதன்பிறகு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வரத் தொடங்கியது. கைகால் வியர்க்கும். நெஞ்சு அடித்துக்கொள்ளும். “உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்” என்ற வசனத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வேன். கவலையை வைத்துவிட ஆசை இருந்தது. கடன் தொகையை வெளியே வைக்க மட்டும் மனம் வரவில்லை. அப்போது நான் சபையின் பொருளாளர். அறுப்பின் பண்டிகைப் பணம் என் பீரோவில் இருந்தது. வட்டிக் கெடு வந்த மாதம் அதிலிருந்து எடுத்தேன். பத்து நாளில் திருப்பி வைத்துவிட்டேன், ஒரு ரூபாயும் குறையவில்லை. ஆனால் அந்தப் பத்து நாட்கள் நான் திருடன்.

எனக்கு நடந்ததைத்தான் நம் சமூகம் முழுவதிலும் பார்க்கிறேன். முதலில் ஒரு பொய். பார்ப்பவர் கண்ணுக்காகச் சொன்ன பொய். அந்தப் பொய்யிலிருந்து பயம். பயத்திலிருந்து இன்னொரு தவறு. பயந்தவன் எதையும் செய்வான். கடைசியில் எது காரணம், எது விளைவு என்றே பிரித்தறிய முடியாது. கடன் வாங்கிக் கட்டிய மாடி வீட்டில் வயதான தாயும் தகப்பனும் மட்டும் இருக்க, அந்தக் கடனை அடைக்க வளைகுடாவில் ஒருவன் தன் மனைவி பிள்ளைகளைப் பார்க்காமல் ஆண்டுகளை எண்ணுகிறானே, அவனைக் கெட்டவன் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. அவன் இரண்டு எஜமான்களிடம் மாட்டிக்கொண்டவன்.

எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில்தான் நட்டாலம் இருக்கிறது. 1712-இல் அங்கே பிறந்த நீலகண்ட பிள்ளை, திருவிதாங்கூர் மகாராஜா மார்த்தாண்ட வர்மாவின் ஆட்சியில் அரண்மனை அலுவலில் இருந்தவர். செல்வமும் மதிப்பும் உள்ள குடும்பம். பிறகு கால்நடைகள் சாகின்றன, பொருள் அழிகிறது, மனிதர் நிலைகுலைந்துபோகிறார். 1741 குளச்சல் போரில் பிடிபட்டுப் பின்பு அரசருடைய படைக்கே பயிற்சி கொடுத்த டச்சுப் படை அதிகாரி டிலனாய், இவருடைய வாடிய முகத்தைப் பார்த்து விசாரிக்கிறார். டிலனாய் இவருக்குச் சொன்னது யோபுவின் கதை. எல்லாம் நன்றாகிவிடும் என்று அந்தக் கதை சொல்லவில்லை. ஒரே நாளில் எல்லாவற்றையும் இழந்த ஒருவன், “கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்” என்று சொன்ன கதை அது. 1745-இல் அந்த நாட்டு எல்லைக்கு அப்பால் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பிறகு அரசரின் ஆட்கள் அவரைப் பிடித்தார்கள், அடித்தார்கள், எருமையின்மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே 15 அன்று ரோமாபுரியில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

நான் தென்னிந்தியத் திருச்சபை என்கிற சி.எஸ்.ஐ. சபையைச் சேர்ந்தவன். புனிதர்களைக் குறித்துக் கத்தோலிக்கச் சகோதரர்கள் பேசும் முறையில் எனக்குப் பேசத் தெரியாது. ஆனாலும் இந்த மனிதரை அடிக்கடி நினைக்கிறேன். மாடு செத்ததற்குக் கலங்கியவர், துப்பாக்கிக்கு முன்னால் கலங்கவில்லை. அவருடைய சூழ்நிலை முன்பைவிடப் பல மடங்கு மோசமாகித்தான் இருந்தது. ஆனால் இப்போது அவருக்கு எஜமான் ஒருவராகிவிட்டார்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் நான் பேசியது சிலரைக் காயப்படுத்தும். மனம் பதறுகிற எல்லாரும் ஏதோ பாவத்தை மறைத்திருக்கிறார்கள் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். யோபு பாவம் செய்ததால்தான் துன்பப்படுகிறான் என்று சொன்ன அவனுடைய நண்பர்கள் செய்த தவறு அதுதான். மனச்சோர்வு சரீரத்திலும் வேர்விட்டிருக்கும் நோய். பிரசவத்துக்குப்பின் காரணமின்றி அழும் தாய்க்கும், புத்தகத்தைத் திறந்தாலே நடுங்கும் மாணவனுக்கும் “உனக்கு விசுவாசம் குறைவு” என்று சொல்வது கொடுமை. அப்படிச் சொன்ன ஊழியக்காரர்களை நான் அறிவேன்; அதனால் மருந்தைக் கைவிட்டுத் துன்பப்பட்ட குடும்பத்தையும் அறிவேன். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, “போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்” என்றார். தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார். தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூங்கவிட்டார். மறுபடியும் எழுப்பி, “எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்” என்று தூதன் சொன்னான். உபதேசம் எல்லாம் அதற்குப் பிறகுதான். எங்கள் பகுதியில் சுவிசேஷம் சொல்ல வந்தவர்கள் நெய்யூரில் மருத்துவமனையும் கட்டினார்கள். எவரெஸ்ட் சிகரத்தில் ஏற முயன்ற குழுவிலிருந்த டாக்டர் சோமர்வெல், அந்த மலையை விட்டு நெய்யூருக்கு வந்து, ஆண்டுக்கணக்கில் ஏழைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தார். ஜெபமும் மருந்தும் ஒரே கூரையின்கீழ் இருந்த ஊர் எங்கள் ஊர். ஆகவே தூக்கமின்றித் தவிப்பவர்கள் மருத்துவரிடம் போகத் தயங்க வேண்டாம். 14416 என்ற எண்ணில் அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸ் ஆலோசகர்களிடம் எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

என் தகப்பனாரும் பால் வெட்டுகிறவர்தான். அந்த நாளில் தலைவிளக்கு கிடையாது, நெற்றியில் கட்டிய எண்ணெய் விளக்கு. மழை பெய்தால் வெட்டு இல்லை. வெட்டு இல்லாவிட்டால் கூலி இல்லை. ஆனி, ஆடி மாதங்களில் தொடர்ந்து பத்து நாட்கள் சிரட்டை நனைந்து கிடக்கும். என் அம்மா உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடி அள்ளித் தனியாக ஒரு தகரடப்பாவில் போடுவார். பிடியரிசிக் காணிக்கை. ஞாயிற்றுக்கிழமை அது ஆலயத்துக்குப் போகும்; அங்கிருந்து எங்களைவிட இல்லாத வீட்டுக்குப் போகும். மழை நாட்களிலும் அந்தப் பிடி நிற்கவில்லை. “நாளைக்கு நமக்கே இல்லையே அம்மா” என்று சிறுவனாக நான் கேட்டிருக்கிறேன். “இன்றைக்கு இருக்கிறதே” என்பார். கர்த்தருடைய ஜெபத்திலும் அந்தச் சொல்தான் இருக்கிறது: “எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்.” ஏழைக்குக் கவலை இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அம்மாவுக்குக் கவலை இருந்தது, அவர் அழுததை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தக் கவலையில் பொய் கலந்திருக்கவில்லை. ஊருக்கு முன்னால் எங்களிடம் அரிசி இருப்பதுபோல் அவர் ஒருநாளும் நடித்ததில்லை.

பண்டிகைப் பணத்தைத் திருப்பி வைத்த அன்று ராத்திரி எனக்கு அந்தத் தகரடப்பா நினைவுக்கு வந்தது. மனைவியை எழுப்பினேன். கடன் நான்கு லட்சத்துப் பத்தாயிரம் என்றேன். பீரோவில் கைவைத்ததையும் சொன்னேன். அவள் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. எழுந்துபோய் விளக்கைப் போட்டாள். பிள்ளைகளின் பழைய நோட்டு ஒன்றையும் பென்சிலையும் எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். “வட்டி மாதம் எவ்வளவு, சரியாகச் சொல்லுங்கள்” என்றாள். சொன்னேன். எழுதினாள். ஏழு ஆண்டுகள் ஆயிற்று அடைக்க. சந்தைக்குப் பின்னால் இருந்த பத்து சென்ட் நிலத்தை விற்றோம். சபையார் முன்னால் நின்று சொன்ன பிறகு, நானே கேட்டுக்கொண்டு பொருளாளர் பொறுப்பை விட்டேன். இளைய மகளுக்கு வரன் வந்தபோது இல்லாததை இல்லை என்றே சொன்னோம். இரண்டு வீட்டார் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, பிள்ளைகள் பேசிப் பார்க்கட்டும் என்றார்கள்.

அந்த நோட்டு இன்றைக்கும் எங்கள் வீட்டில், வேதாகமத்தின் பக்கத்தில் இருக்கிறது. கடன் கணக்கு எழுதிய ராத்திரியில், மூன்று மணி அளவில், தரையில் உட்கார்ந்த நிலையிலேயே நான் தூங்கிவிட்டேன் என்று என் மனைவி சொல்வாள். காலையில் தோட்டத்தில் ஆள் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன். பால் எடுத்து முடித்து அவர்கள் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

நேயர்களுக்கு நன்றி. வணக்கம்.