கணையச் செல்லும் அளவறிந்த கால்சியமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மரச்சீனி, அதாவது மரவள்ளிக் கிழங்கு, தின்றால் கணையத்தில் கல் வரும் என்ற பேச்சு தமிழக-கேரள எல்லையில் களியக்காவிளைக்கு இந்தப் பக்கமும் உண்டு, பாறசாலைப் பக்கமும் உண்டு. அதற்கு ஒரு மருத்துவ வரலாறு இருக்கிறது. மதுவைத் தொடாத இளவயதினருக்குக் கணையம் சுருங்கி, அதன் நாளங்களில் சுண்ணாம்புக் கல் அடைத்து, பின்னால் சர்க்கரை நோயும் வந்து சேர்வதை 1959-இல் இந்தோனேசியாவிலிருந்து சூய்டெமா என்பவர் எழுதினார். பிறகு திருவனந்தபுரத்தில் டாக்டர் கீவர்கீஸ் ஏராளமான நோயாளிகளிடம் இதே நோயைக் கண்டு விரிவாகப் பதிவு செய்தார். வறுமை, புரதக் குறைவு, வேளாவேளைக்கு மரச்சீனி மூன்றும் ஒரே வீட்டில் இருந்ததால் கிழங்கின் மேல் சந்தேகம் விழுந்தது. கிழங்கிலிருக்கும் லினாமரின் சயனைடை வெளிவிடும் பொருள் என்பதும் அதோடு சேர்ந்துகொண்டது.

அந்தச் சந்தேகம் எவ்வளவு தூரம் நின்றது என்பதற்குப் பிறகு வருகிறேன். முதலில் கணையச் செல் எப்படிச் சுரக்கிறது என்று பார்த்துவிடுவோம். ஒன்றை மட்டும் இப்போதே சொல்லிவிட வேண்டும். கல்லில் இருக்கும் கால்சியம், நோய் முற்றிய பிறகு நாளத்தில் படிகிற கால்சியம் கார்பனேட். நான் பேசப்போவது செல்லுக்குள் ஓரிரு நொடி எழுந்து அடங்கும் கால்சியத்தைப் பற்றி.

இரத்தத்தில் தனித்து உலவும் கால்சியம் லிட்டருக்கு ஏறத்தாழ 1.2 மில்லிமோல். ஓய்வாக இருக்கும் செல்லின் உட்பாகத்தில் அது சுமார் 100 நானோமோல், அதாவது பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஒரு பிகோலிட்டர் கொள்ளளவுள்ள செல் என்று வைத்துக் கணக்குப் போட்டால், உள்ளே கட்டுப்படாமல் இருப்பது வெறும் 60,000 கால்சியம் அயனிகள்தான். கேரளத்தின் குட்டநாட்டில் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கும் வயலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும்: வரப்பைக் கட்டி, மோட்டாரை ஓட்டிக்கொண்டே இருந்தால்தான் உள்ளே பயிர் நிற்கும். செல்லின் வெளிச்சவ்வில் ஒரு வகைப் பம்பும், உள்ளே கால்சியத்தைச் சேமித்து வைக்கும் எண்டோபிளாச வலையில் வேறொரு வகைப் பம்பும் செல்லின் எரிபொருளான ஏடிபியைச் செலவழித்துக் கால்சியத்தை ஓயாமல் வெளியேற்றுகின்றன. வலையில் உள்ள பம்ப் ஒரு ஏடிபிக்கு இரண்டு கால்சியத்தைத் தள்ளும். இவ்வளவு செலவு எதற்கு? செல்லுக்குள் பாஸ்பேட் நிறைய. கால்சியம் பெருகினால் இரண்டும் சேர்ந்து படிந்துவிடும். அடிநிலை இவ்வளவு தாழ்ந்திருப்பதில் இன்னொரு வசதியும் உண்டு: கொஞ்சம் உள்ளே வந்தாலே அது செய்தியாகிவிடுகிறது.

1883-இல் லண்டனில் சிட்னி ரிங்கர் தவளை இதயத்தை வைத்துச் சோதனை செய்தபோது, குழாய்த் தண்ணீரில் கலந்த உப்புக்கரைசலில் இதயம் நெடுநேரம் துடித்தது, காய்ச்சி வடித்த நீரில் கலந்ததில் நின்றுபோனது. குழாய்த் தண்ணீரிலிருந்த கால்சியம்தான் காரணம். சுரப்புக்கும் அது வேண்டும் என்பதை 1961-இல் டக்ளஸும் ரூபினும் பூனையின் அட்ரினல் சுரப்பியில் காட்டினார்கள். நரம்பு முனையில் இதைத் துல்லியமாக அளந்தவர்கள் காட்ஸும் மிலெடியும். பிரசவ வார்டில் வேலை பார்க்கும் செவிலியர்கள் இதைப் பெயர் தெரியாமலே தினமும் கையாள்கிறார்கள். வலிப்புக்கு மக்னீசியம் சல்பேட் போடும்போது முழங்கால் அனிச்சையைத் தட்டித் தட்டிப் பார்ப்பது ஏன்? மக்னீசியம் மிகுந்தால் நரம்பு முனைக்குள் கால்சியம் நுழைவது தடைப்பட்டு, தசைக்குச் செய்தி சொல்லும் அசிட்டைல்கோலின் சுரப்பு குறைந்துவிடும். அனிச்சை போய், மூச்சும் தளர்ந்தால், கைக்கெட்டும் இடத்தில் வைத்திருக்கும் பத்து சதவீதக் கால்சியம் குளுக்கோனேட்டில் 10 மில்லியை மெதுவாக இரத்தக் குழாயில் ஏற்றுவார்கள்.

கணையத்துக்கு வருவோம். நொதி சுரக்கும் செல்லுக்கு அசினார் செல் என்று பெயர். கூம்பு மாதிரியான வடிவம். அகன்ற அடிப்பாகத்தில் நியூக்ளியஸ், குறுகிய நுனியில் நொதிமணிகள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். நொதி எங்கே உருவாகி எந்த வழியாக மணிக்குள் வருகிறது என்பதைக் கினிப்பன்றியின் கணையத்தில் கண்டறிந்ததற்கும் சேர்த்துத்தான் பலாடேக்கு 1974-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சாப்பாடு உள்ளே போனதும் வேகஸ் நரம்பிலிருந்து அசிட்டைல்கோலினும், கொழுப்பும் புரதமும் சிறுகுடலைத் தொட்டதும் அங்கிருந்து கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனும் வரும். அவை செல்லின் அடிப்பாகத்தில் உள்ள ஏற்பிகளைப் பிடிக்கின்றன. உள்ளே ஐபி3 என்ற சிறு மூலக்கூறு உருவாகி, எண்டோபிளாச வலையின் கால்சியக் கதவைத் திறக்கிறது. 1983-இல் ஸ்ட்ரெப், இர்வின், பெரிட்ஜ், ஷுல்ஸ் நால்வரும் இதை நிறுவியது இதே கணையச் செல்லில்தான். பெரிட்ஜ் அதற்கு முன் ஈயின் உமிழ்நீர்ச் சுரப்பியில் வேலை செய்தவர்.

வியப்பு என்னவென்றால், செய்தி வந்து சேர்வது அடியில், கால்சியம் முதலில் எழுவது நுனியில். நொதிமணிகள் இருக்கும் அந்தச் சின்ன இடத்தில் ஓரிரு நொடி எழுந்து, பம்புகள் இழுத்துக்கொள்ள, அடங்கிவிடும். பிறகு மறுபடியும் எழும். மணிகள் முடியும் இடத்தில், ஏடிபியை உண்டாக்கும் மைட்டோகாண்டிரியாக்கள் வளையமாக நின்று, கால்சியம் அடிப்பாகத்துக்குப் பரவாமல் பார்த்துக்கொள்கின்றன. வாங்கிக்கொள்ளும் கால்சியம் அவற்றின் ஏடிபி உற்பத்தியையும் முடுக்கிவிடும். ஒரு துடிப்புக்கு ஒன்றிரண்டு மணிகளே சவ்வோடு இணைந்து திறக்கலாம். அது போதும். நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் அளவுக்குக் கணையச்சாறு ஓடுவது இப்படிச் சிறுகச் சிறுகத்தான்.

இதைக் கண்ணால் பார்க்க முடியுமா என்று நாகர்கோவில், திருவனந்தபுரம் பக்கத்து முதுநிலை மாணவர்கள் கேட்பார்கள். ஒளிரும் சாயம் இருக்கிறது. 1985-இல் ரோஜர் சீயன் குழு வெளியிட்ட ஃபியூரா-2 இன்றும் நம்பகமானது. 340, 380 நானோமீட்டர் ஒளியை மாறிமாறிப் பாய்ச்சி, 510-இல் வரும் ஒளியின் விகிதத்தை எடுக்க வேண்டும். செல்லில் சாயம் கூடக்குறைய இருந்தாலும் விகிதம் ஏமாற்றாது.

நெறிக்குழு அனுமதி பெற்ற பிறகு, எலியின் கணையத்துக்குள், செல்களைப் பிணைக்கும் இழைகளை அறுக்கும் கொலாஜனேஸ் நொதியைச் செலுத்தி 37 டிகிரியில் கால் மணி நேரம் அளவுக்கு வைக்கலாம். பிறகு பிப்பெட்டால் மெல்ல உறிஞ்சி விட்டால் செல்கள் இரண்டும் மூன்றுமாகப் பிரியும். கடிகாரத்தை மட்டும் நம்பாதீர்கள். கொலாஜனேஸ் ஒவ்வொரு புட்டிக்கும் வீரியம் மாறும். அதிகம் செரித்துவிட்டால் செல் உயிரோடிருக்கும், ஏற்பி போய்விடும். மருந்து ஊற்றினால் அசைவே இருக்காது. சோயா டிரிப்சின் தடுப்பானையும் சிறிது அல்புமினையும் கரைசலில் சேர்த்தால் கசியும் நொதிகளால் வரும் சேதம் குறையும். நுனிப் பக்கம் மணிகள் கருமையாகக் குவிந்து தெரியாத செல்லை எடுக்க வேண்டாம். மூன்று நான்கு மணி நேரத்துக்குள் வேலையை முடித்துக்கொள்ளுங்கள்.

ஃபியூரா-2 ஏஎம் 50 மைக்ரோகிராம் குப்பியில் வரும். ஈரமில்லாத டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பான் 50 மைக்ரோலிட்டர் சேர்த்தால் கிட்டத்தட்ட ஒரு மில்லிமோலார். அதில் 2 மைக்ரோலிட்டரை ஒரு மில்லி செல் கரைசலில் விட்டு, அறை வெப்பத்தில் 30 நிமிடம் வைத்து, கழுவி, மேலும் 20 நிமிடம் விடவும். செல்லின் எஸ்டரேஸ் நொதி சாயத்தின் ஒட்டுப்பகுதியை வெட்ட அந்த நேரம் வேண்டும். அவசரப்பட்டு 37 டிகிரியில் ஏற்றினால் சாயம் உள்ளுறுப்புகளுக்குள் போய் அடைந்துகொள்ளும். பிறகு நீங்கள் அளப்பது வலையின் கால்சியத்தை. அளவை மீறி ஏற்றினாலும் கெடும். சாயமே கால்சியத்தை விழுங்கித் துடிப்பைத் தட்டையாக்கிவிடும்.

அதிகமாக நடக்கும் பிழை, ‘கால்சியம் இல்லாத கரைசல்’ என்று லேபிள் ஒட்டுவது. கால்சியம் குளோரைடைச் சேர்க்காமல் விட்டால் மட்டும் போதாது. கண்ணாடியிலிருந்தும் நீரிலிருந்தும் சில மைக்ரோமோல் வந்தே தீரும். கால்சியத்தைக் கவ்விக்கொள்ளும் ஈஜிடிஏ என்ற வேதிப்பொருளைச் சேர்க்க வேண்டும். அது கால்சியத்தைப் பிடிக்கும்போது புரோட்டானை விடுவதால் பி.எச். இறங்கும், 7.3-க்குத் திரும்பக் கொண்டுவந்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து படியும் என்பதால், பி.எச். மாறாமல் காக்கும் தாங்கலாக அதைத் தவிர்த்து ஹெப்பிஸ் எடுப்பதும் இதே ஜாக்கிரதைக்காகத்தான்.

இப்போது முக்கியமான இடம். கோலிசிஸ்டோகைனினை 10 பிகோமோல் அளவில் கொடுத்தால் அழகான துடிப்புகள் வரும். 10 நானோமோல், அதாவது ஆயிரம் மடங்கு கொடுத்தால் துடிப்பு கிடையாது. ஒரே ஏற்றம், அப்புறம் இறங்காத மேடு. வலையின் சேமிப்பு காலியானதும் ஸ்டிம்1 என்ற புரதம் அதை உணர்ந்து, வெளிச்சவ்வில் ஓராய்1 வாய்க்காலைத் திறந்துவிடுவதால் வெளிக்கால்சியம் தொடர்ந்து உள்ளே வருகிறது. சாயம் காட்டும் மேட்டைவிட அதன் விளைவுதான் கொடியது: குடலுக்குப் போய் விழிக்க வேண்டிய டிரிப்சினோஜன், செல்லுக்குள்ளேயே புரதத்தைச் செரிக்கும் டிரிப்சினாக மாறத் தொடங்குகிறது. மைட்டோகாண்டிரியா தளர்ந்து ஏடிபி குறைகிறது, ஏடிபி இல்லாமல் பம்ப் ஓடாது, பம்ப் ஓடாமல் கால்சியம் இறங்காது. செல் செத்துக் கொட்டிய நொதி பக்கத்துச் செல்லைத் தாக்குகிறது. திடீர்க் கணைய அழற்சி என்பது இதுதான்.

குடிக்கும் சாராயம் இதை நேராகச் செய்வதில்லை. எத்தனால் கொழுப்பு அமிலத்தோடு சேர்ந்து எத்தில் எஸ்டராக மாறும்போதுதான் வலையிலிருந்து கால்சியம் கொட்டுகிறது. பித்தக்கல் நாள வாயை அடைத்தால் பித்த அமிலமும் அதே வேலையைச் செய்யும். மதுவும் பித்தக்கல்லும்தான் இந்த நோயின் இரு பெருங்காரணங்கள்; இரண்டும் செல்லுக்குள் ஒரே வழியில் போய்ச் சேர்கின்றன.

மரச்சீனிக்கு வருகிறேன். மரச்சீனியே உண்ணாத ஊர்களிலும் அந்த நோய் இருந்தது; ஆகவே கிழங்கு மட்டுமே குற்றவாளி என்ற வாதம் நிற்கவில்லை. பிறகு எஸ்பிஐஎன்கே1 என்ற மரபணுவில் என்34எஸ் என்னும் மாற்றம் நோயாளிகளிடம் கணிசமாகத் தெரிந்தது. தப்பித்தவறி செல்லுக்குள் விழித்துக்கொண்ட டிரிப்சினை அடக்குவது அந்த மரபணு தரும் புரதம். ஆனால் அதே மாற்றம் நலமாக இருப்பவர்களில் சிலரிடமும் உண்டு. மரபணு தனியாக நோயைத் தருவதில்லை, வேறு ஏதோ சேர வேண்டியிருக்கிறது. மரச்சீனியை நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்துவிட்டு, மீனோடு உண்பவர்கள் இந்த நோயை நினைத்துத் தட்டைத் தள்ள வேண்டியதில்லை என்பது என் கருத்து.

ஓராய்1 வாய்க்காலை அடைக்கும் மருந்து மனிதர்களில் சோதனைக் கட்டத்தில் இருக்கிறது. இன்றைய சிகிச்சை இரத்தக் குழாய் வழித் திரவம், வலி நிவாரணம், தாங்குமளவு சீக்கிரமே உணவு, பித்தக்கல் இருந்தால் அதை அகற்றுவது. மேல்வயிற்றில் தொடங்கி முதுகுக்குப் பாயும் கடும் வலி வந்தால், வாயுவென்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். இரத்தத்தில் லைபேஸ் என்ற கணைய நொதி உச்ச இயல்பளவைப் போல மூன்று மடங்கைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

அப்போது பரிசோதனைச் சீட்டில் கால்சியம் குறைவாக வந்தால் வீட்டார் குழம்புவார்கள். செல்லுக்குள் மிகுந்து கேடு செய்வது இரத்தத்தில் எப்படிக் குறையும்? சிதைந்த கணையத்தைச் சுற்றியுள்ள கொழுப்பை லைபேஸ் உடைக்கிறது. வரும் கொழுப்பு அமிலங்கள் இரத்தக் கால்சியத்தைப் பிடித்துச் சோப்பாகப் படிந்துவிடுகின்றன. கால்சியத்தில் ஒரு பகுதியைச் சுமக்கும் அல்புமின் என்ற இரத்தப் புரதம் இறங்கினாலும் மொத்தக் கணக்கு குறைவாகக் காட்டும். அந்த எண்ணைச் சரிசெய்ய எல்லாருக்கும் கால்சியம் ஏற்ற மாட்டார்கள். தனித்த கால்சியத்தை அளந்து, மக்னீசியமும் குறைந்திருக்கிறதா என்று பார்த்து, விரல் இழுப்போ இசிஜியில் மாற்றமோ இருந்தால்தான் குளுக்கோனேட் ஏறும்.

வணக்கம்.