பனம்பழம் முதலில் விழுந்தது, காக்கை பிறகுதான் வந்தது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"அலபாமா பல்கலைக்கழகக் கால்பந்து அணியின் நிறத் தடையைத் தகர்த்தது மைதானமா, நீதிமன்றமா?" இதுதான் தலைப்பு. நான் நீதிமன்றத்தின் பக்கம் பேச வந்திருக்கிறேன். முதலில் ஒரு சின்ன விளக்கம். இது மெஸ்ஸி ஆடுகிற கால்பந்து இல்லை. தலையில் ஹெல்மெட்டும் தோளில் பட்டையும் கட்டிக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கி ஓடுகிறார்களே, அந்த அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால் இருக்கிறது, வேலை முழுக்கக் கைக்கு. அமெரிக்காவின் தென் மாநிலமான அலபாமாவில் 1892இல் தொடங்கிய அணி அது. நிறத் தடை என்றால், கறுப்பின வீரர்களை அணியில் சேர்க்காத வழக்கம். அந்த மாநிலத்தில் சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் கல்யாண முகூர்த்தம்கூடத் தள்ளித்தான் வைக்க வேண்டும்.

எதிரணித் தலைவர் என்ன அழகாகக் கதை சொன்னார்! 1970 செப்டம்பர் 12. பர்மிங்ஹாம் நகரத்தில் லீஜியன் ஃபீல்டு மைதானம். முழுக்க வெள்ளையர்களைக் கொண்ட அலபாமா அணி ஒரு பக்கம். தெற்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக அணி மறுபக்கம். அந்தக் கலிஃபோர்னியா அணியில் பந்தைக் கையாளும் பின்வரிசையில் ஜிம்மி ஜோன்ஸ், கிளாரன்ஸ் டேவிஸ், சாம் கன்னிங்ஹாம் மூவருமே கறுப்பினத்தவர். அவர்களில் டேவிஸ் பிறந்ததே பர்மிங்ஹாமில்தான். கன்னிங்ஹாம் 12 முறை பந்தோடு ஓடி 135 கெஜம் கடந்தார், 2 முறை பந்தை எதிர்முனை எல்லைக்குள் கொண்டுபோய் 'டச்டவுன்' அடித்தார். 42க்கு 21 என்று அலபாமா தோற்றது. 'கரடி' என்று பட்டப்பெயர் வாங்கிய பயிற்சியாளர் பால் பிரையன்ட் அன்றைக்கே கண் திறந்தார், அடுத்த நாளே அணியின் கதவும் திறந்தது என்கிறார் எதிரணித் தலைவர்.

ஆட்டக் கணக்கில் ஒரு பிழையும் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். பிழை நாள்காட்டியில் இருக்கிறது.

நடுவர் அவர்களே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இங்கே நடந்தது அதைவிட வேடிக்கை. பனம்பழம் விழுந்து 9 மாதம் கழித்துத்தான் காக்கையே வருகிறது! அலபாமா கால்பந்து அணி ஸ்காலர்ஷிப் கொடுத்துச் சேர்த்த முதல் கறுப்பின வீரர் வில்பர் ஜாக்சன். அவர் கையெழுத்திட்டது 1969 டிசம்பரில். கன்னிங்ஹாம் ஓடியது 1970 செப்டம்பரில். அந்த ஆட்டம் நடந்த நாளில் ஜாக்சன் அதே பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவர்.

"அப்படியானால் ஏன் அவர் களத்தில் இல்லை?" என்று எதிரணித் தங்கை கேட்டார். நியாயமான கேள்வி. விடை விதிப் புத்தகத்தில் இருக்கிறது. கல்லூரிக் கால்பந்தில் 1972 வரைக்கும் முதலாம் ஆண்டு மாணவர் முதன்மை அணியில் ஆட முடியாது. முதல் வருடம் புதியவர்களுக்கான தனி அணியில்தான் ஆட வேண்டும். ஆகவே 1969 டிசம்பரில் போட்ட கையெழுத்து 1970இல் புதியவர் அணிக்குப் போய், 1971 செப்டம்பரில்தான் பெரிய மைதானத்தில் பலித்தது. கையெழுத்துக்கும் களத்துக்கும் நடுவில் ஏறக்குறைய 21 மாதம். எதிரணியின் கதை முழுவதும் இந்த இடைவெளிக்குள்தான் குடித்தனம் நடத்துகிறது. 1970இல் மைதானத்தில் கறுப்பு முகம் இல்லை, 1971இல் இருக்கிறது, நடுவில் ஒரு தோல்வி. ஆகவே தோல்விதான் காரணம் என்று முடிச்சுப் போட்டுவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. பருவம் முடிந்து நடக்கும் சிறப்பு ஆட்டத்தைச் சேர்க்காமல், ஓர் அணி வருடத்துக்கு 11ஆவது ஆட்டம் ஆடலாம் என்று அனுமதி வந்ததே 1970இல்தான். அதைப் பயன்படுத்திப் பேசி முடித்த ஆட்டம் இது. ஜாக்சன் கையெழுத்திட்ட நாளில் இந்த ஆட்டம் அட்டவணையில்கூட இல்லை.

ஆட்டம் முடிந்ததும் பிரையன்ட் கன்னிங்ஹாமைத் தன் வீரர்களின் அறைக்கே அழைத்துப் போய், "ஆட்டக்காரன் என்றால் இவன்தான்" என்று காட்டினாராம். கேட்கச் சிலிர்க்கிறது. ஆனால் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று பின்னாளில் கன்னிங்ஹாமே சொல்லிவிட்டார். மாப்பிள்ளையே கல்யாணம் நடக்கவில்லை என்கிறார், எதிரணியினர் பந்தியில் உட்கார்ந்து பாயசம் கேட்கிறார்கள்.

இனி அந்த ஆட்டத்துக்கே வருகிறேன். அது நடந்த நகரம் பர்மிங்ஹாம். அந்த நகரச் சட்டத் தொகுப்பில் 597 என்று ஒரு பிரிவு இருந்தது. கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டாடக் கூடாது, தாயக்கட்டை உருட்டக் கூடாது, டோமினோ ஆடக் கூடாது, செக்கர்ஸ் ஆடக் கூடாது. பேஸ்பால், கூடைப்பந்து, கால்பந்து எதுவும் கூடாது. இரண்டு பேர் மரத்தடியில் பலகை வைத்துக் காய் நகர்த்தினால்கூடக் குற்றம்! 1954இல் நகர நிர்வாகம் பேஸ்பாலுக்கும் கால்பந்துக்கும் கொஞ்சம் தளர்த்திப் பார்த்தது. சில மாதங்களிலேயே மக்கள் வாக்கெடுப்பு நடத்தித் தடையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் உட்கார்ந்து கைதட்டும் ரசிகர்களும் அந்த வாக்காளர்களும் வேறு வேறு ஊர்க்காரர்கள் இல்லை, நடுவர் அவர்களே.

அந்தப் பிரிவு எப்போது போனது? 1963 கோடையில். யாரால் போனது? அந்த மே மாதத்தில் அதே நகரத்தின் தெருக்களில் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். காவல்துறைத் தலைமையில் இருந்த புல் கானர் அவர்கள்மேல் தீயணைப்புக் குழாயைத் திருப்பினார், நாய்களை ஏவினார். பாதிரியார் ஷட்டில்ஸ்வொர்த்தும் மார்ட்டின் லூதர் கிங்கும் முன்நின்ற அந்தப் போராட்டத்துக்குப் பிறகுதான் நகரம் தன் பிரிவினைச் சட்டங்களை நீக்கியது. 597 உயிரோடு இருந்திருந்தால் கன்னிங்ஹாம் 135 கெஜம் ஓடியிருக்க முடியாது. பந்தைத் தொட்டதுமே அவரும் அவரைத் தடுக்க வந்தவரும் சேர்ந்து சட்டத்தை மீறியவர்களாகியிருப்பார்கள். எதிரணியினர் கொண்டாடும் மைதானத்தின் பூட்டைத் திறந்ததே தெருவும் சட்டமும்தான்.

அடுத்து, தோல்விதான் பாடம் கற்பித்தது என்கிறார்கள். அப்படியானால் இந்த மாணவர் வகுப்புக்கு நிறைய முறை மட்டம் போட்டிருக்கிறார். 1959 டிசம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் பென் ஸ்டேட் அணியிடம் 7க்கு 0 என்று அலபாமா தோற்றது. பென் ஸ்டேட்டில் கறுப்பின வீரர் இருந்தார். பாடம் ஏறவில்லை. 1961இல் கலிஃபோர்னியாவில் பருவ முடிவில் நடக்கும் ரோஸ் பௌல் என்ற சிறப்பு ஆட்டத்துக்கு அலபாமாவை அழைக்கலாம் என்று பேச்சு எழுந்தது. லாஸ் ஏஞ்சல்ஸில் ஜிம் மர்ரே தன் விளையாட்டுப் பத்தியில் வெளுத்து வாங்கினார், அங்கிருந்த கறுப்பின மாணவர்கள் எதிர்ப்புக்குத் தயாரானார்கள், அழைப்பு வரவில்லை. அப்போதும் ஏறவில்லை. 1969இல் டென்னசியிடம் 41க்கு 14. டென்னசி அணியில் அதற்கு முந்தைய வருடமே கறுப்பின வீரர் வந்துவிட்டார்.

எதிரணியின் கையில் ஒரு நல்ல சீட்டு உண்டு. அவர்கள் அதை எடுத்துப் போடவில்லை, நானே போடுகிறேன். 1966 பருவத்தில் கடைசிச் சிறப்பு ஆட்டத்தையும் சேர்த்து அலபாமா ஆடிய 11 ஆட்டத்திலும் வென்றது. ஆனால் தேசியத் தரவரிசையில் 3ஆம் இடம்தான். தங்களுக்குள் 10க்கு 10 என்று சமன் செய்துகொண்ட நோட்டர் டேமும் மிச்சிகன் ஸ்டேட்டும் மேலே நின்றன. கறுப்பினத்தவரைச் சேர்க்காததற்குத் தரவரிசைக்கு வாக்களித்தவர்கள் கொடுத்த தண்டனை அது என்று சொல்வோர் உண்டு, இல்லை என்று வாதாடுவோரும் உண்டு. தண்டனை என்றே வைத்துக்கொள்வோம். வலித்ததா? வலித்தது. 1967இல் கறுப்பின வீரருக்கு ஸ்காலர்ஷிப் கொடுத்தார்களா? இல்லை. 1968இல்? இல்லை. 1967 வசந்தகாலப் பயிற்சிக்கு டாக் ரோன் உள்ளிட்ட 5 கறுப்பின மாணவர்கள் ஸ்காலர்ஷிப் எதுவும் இல்லாமல் தாமாகவே வந்து நின்றார்கள். பயிற்சிக்கு விட்டார்கள். அந்த ஐவரில் ஒருவர்கூட முதன்மை அணிக்காக ஓர் அதிகாரப்பூர்வ ஆட்டம் ஆடவில்லை.

தோற்றாலும் திருந்தவில்லை, வென்றாலும் திருந்தவில்லை. சரி, எதற்குத்தான் அசைந்தார்கள்?

அசைந்தது ஆணைக்கு. ஆதரின் லூசி என்ற கறுப்பினப் பெண் நீதிமன்ற ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு 1956 பிப்ரவரி 3ஆம் தேதி பல்கலைக்கழகத்தின் டஸ்கலூசா வளாகத்தில் வகுப்புக்குப் போனார். திங்கட்கிழமை கும்பல் முட்டையும் கல்லும் வீசியது. பல்கலைக்கழகம் கும்பலை விட்டுவிட்டு லூசியை இடைநீக்கம் செய்தது, பிறகு வெளியேற்றியே விட்டது. ஆனால் அவர் 1955இல் வாங்கிய ஆணை சாகவில்லை. 1963 ஜூன் 11ஆம் தேதி ஆளுநர் ஜார்ஜ் வாலஸ் ஃபாஸ்டர் அரங்க வாசலை மறித்து நின்றபோது, கறுப்பின மாணவர்கள் விவியன் மலோனும் ஜேம்ஸ் ஹூடும் உள்ளே போனது அந்த ஆணையின் பலத்தில்தான். கூடவே அதிபர் கென்னடி தன் பொறுப்பில் எடுத்துக்கொண்ட தேசியக் காவற்படை.

இந்த இடத்தில்தான் எதிரணியின் மைதானத்தை எடைபோட வேண்டும். 1963இல் வகுப்பறை திறந்துவிட்டது. 1965இல் விவியன் மலோன் பட்டமே வாங்கிவிட்டார். மைதானம்? 1964இல் தேசியச் சாம்பியன், 1965இல் தேசியச் சாம்பியன், இரண்டு அணியிலும் வெள்ளையர் மட்டும். நூலகத்தில் பக்கத்து நாற்காலியில் உட்காரலாம், பந்தயத்தில் பக்கத்தில் நிற்கக் கூடாது. மைதானம் முன்னோடி என்றார்களே, வளாகத்திலேயே கடைசியாகத் திறந்த கதவுகளில் ஒன்று அது.

வீரர் எங்கிருந்து வருகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். கல்லூரி அணிக்கு ஆள் பள்ளி அணியிலிருந்து வருகிறார். அலபாமாவில் கறுப்பினப் பள்ளி வேறு, வெள்ளையர் பள்ளி வேறு, போட்டித் தொடரும் வேறு. பல்கலைக்கழகத்தின் ஆள்தேடும் பயிற்சியாளர்கள் போய்வந்த பாதை பெரும்பாலும் வெள்ளையர் பள்ளிகளுக்கு. அந்தப் பாதையை உடைத்தது 1967இல் வந்த லீ எதிர் மேகன் கவுன்டி வழக்கின் தீர்ப்பு. அலபாமாவில் 99 பள்ளி நிர்வாகங்களுக்கு ஒரே ஆணை: பிரிவினையை நிறுத்து. வில்பர் ஜாக்சன் ஓசார்க் ஊரில் கறுப்பினப் பள்ளியிலிருந்து கரோல் உயர்நிலைப் பள்ளிக்கு மாறிய தலைமுறைக்காரர்.

அப்புறம் 1969 ஜூலை. அலபாமா பல்கலைக்கழகத்தின் ஆப்பிரிக்க-அமெரிக்க மாணவர் சங்கம் நேரடியாக வழக்குத் தொடுத்தது. எதிர்மனுதாரர்களில் பிரையன்டின் பெயரும் இருந்தது. வெள்ளை வீரர்களைத் தேடுகிற முனைப்போடு கறுப்பின வீரர்களைத் தேடவில்லை என்பது குற்றச்சாட்டு. வழக்கை நடத்தியவர் யூ. டபிள்யூ. கிளெமன், அப்போதுதான் சட்டம் முடித்த இளைஞர். பின்னாளில் அலபாமாவின் முதல் கறுப்பினக் கூட்டாட்சி நீதிபதி. மாநிலமே சாமியாகக் கும்பிட்ட ஒரு பயிற்சியாளர் 1970இல் சத்தியப் பிரமாணம் செய்து வாக்குமூலம் கொடுக்க வேண்டியிருந்தது. வழக்கு வந்தது ஜூலை, ஜாக்சனின் கையெழுத்து டிசம்பர். 5 மாதம். எது காக்கை, எது பனம்பழம் என்று நடுவரே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். வழக்குக்கு முன்பே, 1969 வசந்தத்தில், கூடைப்பந்து அணிக்கு வெண்டல் ஹட்சனைப் பயிற்சியாளர் நியூட்டன் சேர்த்துவிட்டார். விளையாட்டுத் துறைக்கே தலைவராக இருந்த பிரையன்டின் தலையசைப்பு இல்லாமல் அது நடந்திருக்காது. பிரையன்டை வில்லனாக்க எனக்கு விருப்பம் இல்லை. நல்ல எண்ணம் இருந்திருக்கலாம். ஆனால் அவர் வந்தது 1958இல். அந்த நல்ல எண்ணம் 11 வருடம் எந்தப் பெட்டியில் இருந்தது என்பதே என் கேள்வி. 1971 செப்டம்பர் 10ஆம் தேதி லாஸ் ஏஞ்சல்ஸில், அதே கலிஃபோர்னியா அணிக்கு எதிராக, ஜான் மிட்செல் அலபாமாவுக்காகக் களமிறங்கிய முதல் கறுப்பின வீரரானார். ஆட்டத் தொடக்க உதையிலேயே எதிராளியை மடக்கி வீழ்த்தினார். 17க்கு 10, வெற்றி. அவர் ஜூனியர் கல்லூரியிலிருந்து மாறி வந்தவர், அதனால் காத்திருப்பு விதி அவரைப் பிடிக்கவில்லை. 1972இல் அவரே அணியின் இணைத் தலைவர். முந்தைய வருடத் தோல்வி ரசிகர்களின் முணுமுணுப்பை அடக்கியது என்றால் ஏற்கிறேன். ஆணி அடித்த பிறகு சுத்தியலுக்கு எண்ணெய் போட்ட புண்ணியம் அதற்கு உண்டு.

நீதிமன்றம் தொடாத இடத்தில் மைதானம் எப்படி நடந்துகொண்டது? ஹன்ட்ஸ்வில் ஊர்ப் பையன் கான்ட்ரெட்ஜ் ஹாலோவே, அலபாமா மண்ணில் வளர்ந்த அருமையான குவார்ட்டர்பேக். அணியின் மூளை மாதிரியான இடம் அது. கறுப்பினத்தவரை அந்த இடத்தில் பார்க்க அலபாமா இன்னும் தயாராகவில்லை என்று தெரிந்துகொண்டு டென்னசிக்குப் போனார், 1972இல் அங்கே தொடக்க ஆட்டக்காரரானார். சில்வெஸ்டர் க்ரூம் டஸ்கலூசாக்காரர், அலபாமாவுக்கே ஆடியவர், அங்கேயே துணைப் பயிற்சியாளராக இருந்தவர். 2003இல் தலைமைப் பயிற்சியாளர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. பதவி மைக் ஷூலாவுக்குப் போனது. அதே வருடக் கடைசியில் மிசிசிப்பி ஸ்டேட் க்ரூமை அழைத்துக்கொண்டது. அலபாமாவும் மிசிசிப்பி ஸ்டேட்டும் ஆடுகிற 'தென்கிழக்கு மாநாடு' என்ற பல்கலைக்கழகக் கூட்டமைப்பின் கால்பந்தில் முதல் கறுப்பினத் தலைமைப் பயிற்சியாளர் அவர்தான்.

1892இல் தொடங்கிய அலபாமா அணியில் தலைமைப் பயிற்சியாளர் நாற்காலியில் இதுவரை ஒரு கறுப்பினத்தவரும் உட்காரவில்லை. வீரர்களைச் சேர்க்கச் சொல்லி வழக்கு வந்தது, வீரர்கள் வந்தார்கள். அந்த நாற்காலிக்கு அப்படி ஒரு வழக்கு வரவில்லை. மைதானம் தானாகத் திறக்கும் என்கிற எதிரணியின் அடுத்த பேச்சாளர் அந்த நாற்காலியைப் பற்றி இரண்டு நிமிடம் பேசட்டும். மணி அடித்துவிட்டது, என் நேரத்தில் மிச்சம் இருந்தால் அதையும் அவருக்கே கொடுத்துவிடுங்கள், நடுவர் அவர்களே. வணக்கம்.