பள்ளத்து மரத்துக் கூடு

வணக்கம், டர்பன் நேயர்களே. சாட்ஸ்வொர்த்தில் எங்கள் தெருவில் யாரும் அலாரம் வைப்பதில்லை. விடிகிறதுக்கு முன்பே ஹடீடா கூரையில் உட்கார்ந்து கத்திவிடும். வளைந்த அலகால் புல்தரையைக் குத்திப் புழு தேடுகிற அரிவாள் மூக்கன் அது. அதைத் திட்டாத ஆள் கிடையாது. ஆனாலும் இரண்டு நாள் சத்தம் கேட்காவிட்டால், 'எங்கே போச்சு அது?' என்று என் மாமியார் ஜன்னலைத் திறந்து பார்ப்பார்.

மைனாவை மட்டும் நம் ஆட்கள் நம்ம ஊர்ப் பறவை என்று சொந்தம் கொண்டாடுவார்கள். இந்தியாவிலிருந்து நம் முன்னோரின் முதல் கூட்டம் ட்ரூரோ கப்பலில் 1860 நவம்பர் 16-ல் இங்கே வந்து இறங்கியது. மைனா வந்தது அதற்கு அப்புறம், கூண்டில் அடைபட்டு. 1902 வாக்கில் இதே டர்பனில் தப்பிப் போன சிலதுகளின் வாரிசுகள் இன்றைக்கு ஜோகன்னஸ்பர்க் வரைக்கும் இருக்கின்றன. மரப்பொந்துக்காக உள்ளூர்ப் பறவைகளோடு சண்டை பிடிப்பதில் அதற்கு ஈடு இல்லை. நாம் அமாவாசைக்குச் சோறு வைக்கிற சாம்பல் கழுத்துக் காக்கையும் பின்னால் வந்ததுதான். 1972-ல்தான் அதை இங்கே முதலில் பார்த்தார்கள். மற்றக் கூடுகளில் முட்டையைத் திருடித் தின்னும். வெள்ளை மார்புக் காக்கைதான் இந்த மண்ணுடையது. சோற்றை அது வந்து தின்றாலும் பாட்டன்மார் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

சரி, நான் பேச வந்தது பள்ளங்களைப் பற்றி. நம் வீடுகளுக்குப் பின்னால் சரிவாக இறங்கும் புதர்க்காடு இருக்கிறதே, அது. வீடு கட்ட முடியாத செங்குத்து என்பதால் தப்பித்த இடங்கள் நிறைய. டி'மாஸ் என்ற பெயரில் நகராட்சி வரைபடத்தில் அவை ஒரு பச்சை வலையாக இருக்கும். அதற்குள் கட்டடம் கட்ட வேண்டுமானால் சுற்றுச்சூழல் அனுமதி வாங்க வேண்டும். நமக்கு அது பாம்பு இருக்கிற இடம், பழைய மெத்தையைத் தூக்கிப் போடுகிற இடம்.

சுத்தமில்லாத இடத்துக்குப் பறவையிடம் என்ன மதிப்பு என்று பார்க்க வெருலம் தாண்டி மவுண்ட் மோர்லேண்டுக்குப் போய்வாருங்கள். சின்னச் சதுப்பு, முழுக்க நாணல். தகைவிலான் குருவிகள் புரட்டாசி விரதம் முடிகிற சமயத்தில் ஐரோப்பாவிலிருந்து வர ஆரம்பித்து, சித்திரைப் பிறப்பு வரைக்கும் இருக்கும். நாங்கள் மடக்கு நாற்காலி, முறுக்கு, பிளாஸ்க் டீயோடு உட்கார்ந்தோம். ஆறு மணிக்கு வானத்தில் ஒன்றும் இல்லை. கொசு மட்டும். அப்புறம் மேலே மிளகைத் தூவினது போல் ஒரு புள்ளிக்கூட்டம். வெளிச்சம் மங்க மங்க அது தடித்துக்கொண்டே வந்து, நாணலுக்குள் கொட்டினது. கடைசியில் சத்தம் மட்டும்தான், கொதிக்கிற எண்ணெயில் அப்பளம் போட்ட மாதிரி. 30 லட்சம் என்று மதிப்பிட்டதுண்டு. நான் போன எல்லா வருடமும் ஒரே அளவு கூட்டம் இல்லை. பக்கத்திலேயே கிங் ஷாக்கா விமான நிலையம் 2010-ல் திறந்தது. நாணலை அழித்துவிடுவார்கள் என்று பயந்தோம். பறவை ஆர்வலர்கள் விடாமல் குரல் கொடுத்தார்கள். கடைசியில் விமான நிலையத்தார் குருவிக்கூட்டம் வருவதைக் காட்டும் ரேடார் வாங்கி வைத்தார்கள். விமானமும் குருவியும் ஒரே வானத்தைப் பங்கு போட்டுக்கொள்கின்றன.

எங்கள் பள்ளத்திலும் ஒரு கூடு இருக்கிறது. தலையில் கொண்டை வைத்த கிரவுன்டு ஈகிள், இறக்கை விரித்தால் ஐந்தடிக்கு மேல். காட்டுக் கழுகுதான். ஆனால் டர்பனின் பள்ளங்களில் உயர்ந்த கம் மரங்களை, அதாவது யூகலிப்டஸ் மரங்களை, பிடித்துக்கொண்டது. பாறை இடுக்கில் வாழும், முயல் அளவு இருக்கிற டாஸியைத் தூக்கும், குரங்கைத் தூக்கும், ஹடீடாக் குஞ்சையும் விடாது. இரண்டு முட்டை இட்டாலும் பெரியது சின்னதைக் கொன்றுவிடும். ஒன்றுதான் மிஞ்சும்.

அந்த மரம் பக்கத்து வீட்டு அண்ணன் வேலி ஓரம் நிற்கிறது. கார்த்திகையில் அவர் அதை வெட்ட ஆள் கூப்பிட்டிருந்தார். 'தங்கச்சி, கம் மரம் வெளிநாட்டு மரம்தானே, நீயே சொல்லியிருக்கே' என்றார். சொன்னது நான்தான், மறுக்க முடியவில்லை. பேரன் நாய்க்குட்டி வளர்க்கிறான் என்ற பயமும் அவருக்கு. குட்டியைத் தனியாக வெளியில் விடாதீர்கள், குஞ்சு பறக்கிற வரைக்கும் வெட்டாதீர்கள் என்று கேட்டேன். முகம் கொடுக்காமல் உள்ளே போய்விட்டார். மறுநாள் மரம் வெட்டும் ஆட்கள் வரவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். காலையில் அவர்தான் போன் செய்தார். குஞ்சு கூட்டை விட்டுக் கிளைக்கு வந்து நிற்கிறதாம், காற்றில் ஆடுகிறதாம், விழுந்துவிடுமோ என்று அவருக்குப் பதற்றம். 'நீ உடனே வா, வரும்போது அந்தப் பைனாகுலரை எடுத்துக்கிட்டு வா' என்றார்.