உங்கள் ரேஞ்சருக்கு ஓநாய் எதற்கு?

[திரையில்: மேசை, மேலிருந்து. ஒரு வில்லாளி பொம்மை, அவள் பக்கத்தில் ஓநாய் பொம்மை, எதிரே தடியோடு ஓகர்.]

பகடை உருட்டிக் கதையாக ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) விளையாட்டில், இதோ என் மூன்றாம் லெவல் ரேஞ்சர், அதாவது காட்டு வேட்டைக்காரி. பக்கத்தில் நிற்பது அவளுடைய ஓநாய், பேர் கருப்பன். எதிரே நிற்கிறவனுக்குப் பேர் வைக்கவில்லை, அவன் வெறும் ஓகர், ஒரு முரட்டு அரக்கன்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 5ஆம் பதிப்பு, 2014இல் வந்த பிளேயர்ஸ் ஹேண்ட்புக் என்ற விதிப் புத்தகம், அதில் இருக்கும் பீஸ்ட் மாஸ்டர், அதாவது விலங்கோடு வரும் ரேஞ்சர் சப்கிளாஸ் (உட்பிரிவு). இதை வைத்து ஒரு சின்னக் கணக்கு போடுவோம். ஓநாய்க்குச் சொந்தமாக 11 ஹிட் பாயிண்ட், அதாவது உயிர்ப் புள்ளி. ரேஞ்சரின் லெவலை 4ஆல் பெருக்கி வருவது அதைவிட அதிகமாக இருந்தால் அதை எடுத்துக்கொள்ளலாம், ஆக 12. ஓகரின் தடி ஓர் அடிக்குச் சராசரி 13 சேதம். ஓநாயின் ஆர்மர் கிளாஸ், அதாவது அதன்மேல் அடி பட எட்ட வேண்டிய எண், 15, ஓகர் பகடையோடு கூட்டிக்கொள்வது +6, அப்படியென்றால் 20 முகப் பகடையான டி20யில் 9 அல்லது அதற்கு மேல் விழுந்தால் அடி பட்டுவிடும். பத்துக்கு ஆறு தடவை.

[கை நீண்டு ஓநாய் பொம்மையைச் சாய்க்கிறது.]

எனக்கும் இதேதான் நடந்தது, அதுவும் முதல் சண்டையிலேயே. பேர் வைத்து, முன்கதை எழுதி, குட்டியாக இருந்தபோது ஆற்றங்கரையில் கண்டெடுத்தேன் என்றெல்லாம் அரைப் பக்கம் அளந்துவிட்ட பிறகு. சரி, செத்துவிட்டது, இனி என்ன என்று புத்தகத்தைப் புரட்டினால், 8 மணி நேரம் செலவழித்து இன்னொரு விலங்கைப் பிணைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. ஸ்டெப்னி மாற்றுவது மாதிரி!

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன், ஓநாய் அடிக்கத் தெரியாத பிராணி இல்லை. அதன் கடி சராசரி 9, என் அம்பு ஏழரை. சிக்கல் என்னவென்றால் 2014 விதிப்படி ஓநாயைக் கடிக்கச் சொல்வதற்கே, ஒரு டர்னில் (என் முறையில்) எனக்கு இருக்கும் ஒரே ஆக்‌ஷன் போய்விடும், அதனால் ஐந்தாம் லெவல் வரும் வரை கடியா அம்பா, ஏதாவது ஒன்றுதான். அதே நேரத்தில் அதே புத்தகத்தின் ஹன்டர் சப்கிளாஸ் எடுத்தவன், ஏற்கனவே அடி வாங்கிய எதிரிமேல் டர்னுக்கு ஒருமுறை கூடுதலாக ஒரு டி8 போட்டு, ஏறக்குறைய 12 சேதம் செய்துவிட்டு நிம்மதியாக டீ குடித்துக்கொண்டிருப்பான்.

2020இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் என்ற புத்தகம் வந்து இதை நிறையவே சரிசெய்தது, மறுக்கவில்லை. விலங்குக்கு, டர்னில் தனியாகக் கிடைக்கும் சின்னப் போனஸ் ஆக்‌ஷன் போதும், செத்தாலும் ஒரு மணி நேரத்துக்குள் ஒரு ஸ்பெல் ஸ்லாட்டை, அதாவது மந்திரம் போடும் ஒரு வாய்ப்பை, கொடுத்து எழுப்பலாம். ஆனால் எதிரியைக் குறித்துக் கூடுதல் சேதம் செய்யும் ஹன்டர்ஸ் மார்க் மந்திரம் போடவும் அதே போனஸ் ஆக்‌ஷன்தான் வேண்டும், இரண்டும் முட்டிக்கொள்ளும். அதோடு மேசையில் ஐந்து பேர் காத்திருக்க நீங்கள் மட்டும் இரண்டு பேரை நகர்த்திக்கொண்டிருப்பீர்கள், அந்தப் பெருமூச்சுச் சத்தம் எனக்கு நன்றாகவே பழக்கம்.

"விலங்கு இல்லாமல் ரேஞ்சரா?" என்று கேட்பவர்களுக்கு ஒன்று. 1978இன் அட்வான்ஸ்டு டி அண்ட் டி ரேஞ்சருக்கு ஆரம்பத்தில் எந்த விலங்கும் கிடையாது, பத்தாம் லெவலுக்கு வந்த பிறகுதான் பகடை போட்டு 2 முதல் 24 பின்தொடர்பவர்கள் வந்து சேருவார்கள். 2008இல் வந்த 4ஆம் பதிப்பின் முதல் புத்தகத்திலும் ரேஞ்சர் தனியாகத்தான் வந்தார்.

அப்போ ஓநாய்க்குப் பதில் என்ன? முதலில் ஓநாய் உங்களுக்கு எதற்கு வேண்டியிருந்தது என்று யோசியுங்கள், ஏனென்றால் அதைப் பொறுத்துத்தான் பதில் மாறும்.

துணைக்கு ஏதோ ஒன்று கூடவே இருக்க வேண்டும், ஆனால் அது சாகக் கூடாது என்றால், ஸ்வார்ம்கீப்பர். இதுவும் அதே 2020 புத்தகத்தில் வந்ததுதான். உங்களைச் சுற்றி ஒரு கூட்டம் எப்போதும் மொய்த்துக்கொண்டிருக்கும், பூச்சியா, பறவையா, சுள்ளிப் பொம்மைகளா, குட்டித் தேவதைகளா என்பது உங்கள் இஷ்டம். இந்தக் கூட்டத்துக்கு ஹிட் பாயிண்ட் கிடையாது, தனி டர்ன் கிடையாது, ஆக யாராலும் அதைக் கொல்ல முடியாது, யாரும் அதற்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

[திரையில்: அதே ஓகர், இப்போது ஒரு கயிற்றுப் பாலத்தின் நடுவில். கீழே 40 அடி பள்ளம்.]

பழைய ஓகரைத் திரும்பக் கூப்பிடுவோம். அம்பு விடுகிறேன், படுகிறது. பட்ட உடனே, டர்னுக்கு ஒருமுறை, கூட்டத்துக்கு ஒரு வேலை கொடுக்கலாம். கூடுதலாக ஒரு டி6 சேதம், அல்லது எதிரியை 15 அடி தள்ளுவது, அல்லது என்னையே 5 அடி நகர்த்துவது. நான் தள்ளச் சொல்கிறேன். என் விஸ்டம், அதாவது விவேகம், +3 என்றால் ஓகர் எட்ட வேண்டிய எண் 13, அவனுடைய வலிமை +4, ஆக டி20யில் 8 அல்லது அதற்குக் கீழே விழுந்தால் அவன் தோற்றான். பத்துக்கு நாலு. திசை என் விருப்பம், அதனால் பாலத்தின் நீளவாக்கில் தள்ளுவானேன், பக்கவாட்டில்தான்.

[ஓகர் பொம்மை மேசை விளிம்பைத் தாண்டி விழும் சத்தம்.]

நாற்பது அடிக்கு நாலு டி6, சராசரி 14 சேதம். ஓகருக்கு 59 இருக்கிறது, சாக மாட்டான், ஆனால் ஏறி வருவதற்குள் சண்டை முடிந்திருக்கும். அந்த 5 அடி நகர்வையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், கோப்ளின் என்ற குள்ள எதிரி ஒருவன் முகத்துக்கு நேரே நிற்கும்போது அவனுக்கு எதிரடி வாய்ப்பே கொடுக்காமல் கூட்டம் உங்களைத் தூக்கிப் பின்னால் வைத்துவிடும்.

சண்டையில் பக்கவாட்டில் நின்று எதிரியைச் சூழத்தான் ஓநாய் வேண்டும் என்றால், அதற்குப் பழைய 3.5 பதிப்பில் அழகான ஒரு வழி இருந்தது. 2006இன் பிளேயர்ஸ் ஹேண்ட்புக் 2இல் விலங்கை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வாங்கிக்கொள்ளும் ஒரு திறன். நீங்கள் அம்பால் அடித்தாலும் சரி, வாளால் அடித்தாலும் சரி, அந்த எதிரியை நீங்கள் பக்கவாட்டில் மடக்கி நிற்பதாகவே உங்கள் நண்பர்களுக்குக் கணக்கு. அறுபது அடி தள்ளி மரத்தின் மேல் உட்கார்ந்து அம்பு விடுகிறீர்கள், உங்கள் கூட்டாளி ரோக் (பதுங்கிக் குத்தும் திருடன்) அவன் முதுகில் கத்தி இறக்குகிறான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, யாரும் எடுக்காதது, 2009இன் பாத்ஃபைண்டர் என்ற இன்னொரு விளையாட்டில் இருக்கிறது. நாலாம் லெவலில் ரேஞ்சர் ஒரு பிணைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும், விலங்கோடு, இல்லையென்றால் கூட இருக்கும் மனிதர்களோடு. இரண்டாவதை எடுத்தால், உங்களுக்குப் பழகிய எதிரி இனத்தைப் பார்த்ததும் ஒரு மூவ் ஆக்‌ஷனில் 30 அடிக்குள் இருக்கும் நண்பர்கள் எல்லோருக்கும் அந்த இனத்துக்கு எதிரான உங்கள் போனஸில் பாதியைக் கொடுக்கலாம். ஐந்தாம் லெவலில் கோப்ளின்கள்மேல் உங்களுக்கு +4 என்றால் அவர்களுக்கு +2, விஸ்டம் +3 என்றால் மூன்று ரவுண்டு. ஒரே ஒரு எதிரிமேல்தான், அதுவும் உங்கள் இனப் பட்டியலில் இருந்தால்தான், அதனால்தான் பலரும் இதைச் சீண்டுவதில்லை. ஆனால் மேசையில் நாலு பேர் "எனக்கும் ரெண்டு சேர்த்துக்கோ" என்று பகடையைப் பார்த்துக் கத்தும்போது வரும் குஷியை எந்த ஓநாயும் எனக்குக் கொடுத்ததில்லை.

மற்றவை வேகமாக. இருட்டில் ஒளிந்து முதல் அடியைப் பலமாக அடிக்க வேண்டுமா, க்ளூம் ஸ்டாக்கர். ஊருக்குள் பேசிக் காரியம் சாதிக்க வேண்டுமா, ஃபே வாண்டரர், கரிஸ்மா (ஆளைக் கவரும் திறன்) சோதனைகளில் விஸ்டமும் சேரும். குட்டி டிராகனோடு வரும் டிரேக்வார்டனைச் சொல்லவில்லையே என்பீர்கள், அது செதில் முளைத்த ஓநாய், தாண்டிப் போகலாம். எப்போதாவது ஒருமுறை மட்டும் விலங்கு வேண்டும் என்பவர்களுக்கு சம்மன் பீஸ்ட் மந்திரம் இருக்கிறது, ஐந்தாம் லெவலில் கிடைக்கும், ஒரு மணி நேரம் நிற்கும், கட்டளையிட ஆக்‌ஷன் தேவையில்லை. ஆனால் கான்சன்ட்ரேஷன் வேண்டும், கவனம் கலைந்தால் மந்திரமும் கலைந்துவிடும். பொருளும் வேண்டும், தங்க முலாம் பூசிய ஓக் மரக் கொட்டைக்குள் ஓர் இறகு, கொஞ்சம் மயிர், ஒரு மீன் வால், கொட்டையின் விலை மட்டும் 200 தங்கக் காசு. மூன்றாம் லெவலில் என் பையில் மொத்தமே 40தான் இருந்தது.

[திரையில்: வில்லாளி பொம்மை. அவளைச் சுற்றி ஒட்டிய பத்துப் பதினைந்து தீக்குச்சித் துண்டுகள்.]

இதுதான் இப்போது நான் ஆடுவது. சுள்ளிப் பொம்மைகள். பேர் எதற்கும் வைக்கவில்லை, ஒன்றைத் தவிர, இதோ இந்தத் தோள்மேல் உட்கார்ந்திருக்கிறதே, இது கருப்பன்.