கிளினிக்கில் "ஆராய்ச்சியில் சேர விருப்பமா?" என்று கேட்டால்

[திரை: கொழும்பில் ஓர் ஆஸ்பத்திரி கிளினிக். வாங்கில் வரிசையாக ஆட்கள், மடியில் கிளினிக் கொப்பிகள்.]

வணக்கம். பிரஷர் கிளினிக்கில் உங்கள் நம்பர் வந்துவிட்டது. டொக்டர் கொப்பியைப் புரட்டிவிட்டு, "அம்மா, ஓர் ஆராய்ச்சி நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்கிறார். கூட வந்த மகன் உடனே, "வேண்டாம் அம்மா, உங்களை வைத்துப் பரிசோதனை பண்ணப் பார்க்கிறார்கள்" என்பார். வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு. அதற்கு முதல், உள்ளே என்னதான் நடக்கிறது என்று பார்ப்போம்.

[திரை: ஒரு குளிசை, அதற்குள் மூன்று நிறங்கள்.]

நம் நாட்டிலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பெயர் டிரையம்ஃப். இலங்கையில் 11 ஆஸ்பத்திரி கிளினிக்குகளில், பிரஷர் கட்டுப்பாட்டில் இல்லாத 700 பேர் சேர்ந்தார்கள். கேள்வி இதுதான்: ஒரு மருந்தைக் கொடுத்து, குறையாவிட்டால் கூட்டி, அப்புறம் இன்னொன்றைச் சேர்ப்பது வழக்கம். அதற்குப் பதிலாக மூன்று மருந்துகளை அரை அளவில் ஒரே குளிசையாக ஆரம்பத்திலேயே கொடுத்தால் என்ன? டெல்மிசார்டன் 20 மில்லிகிராம், அம்லோடிபின் 2.5, குளோர்தாலிடோன் 12.5. மூன்றும் வெவ்வேறு வழியில் பிரஷரைக் குறைப்பவை. அளவு குறைவென்பதால் பக்கவிளைவும் அடங்கியிருக்கும் என்பது எதிர்பார்ப்பு.

யாருக்குப் புதுக் குளிசை, யாருக்கு வழக்கமான வைத்தியம்? இதை டொக்டர் தீர்மானிக்கக்கூடாது. கிட்டத்தட்டத் திருவுளச்சீட்டு மாதிரி, கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். டொக்டரிடம் விட்டால், தெரிந்தோ தெரியாமலோ உடம்பு தேறியவர்களையே ஒரு பக்கம் சேர்த்துவிடுவார். பிறகு குணமானது மருந்தாலா, ஆளின் உடம்பாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆறு மாதம் கழித்துப் பார்த்தால், மூன்று-மருந்துக் குளிசை எடுத்தவர்களில் 70 சதவீதம் பேருக்கு பிரஷர் இலக்குக்குள் வந்திருந்தது. வழக்கமான வைத்தியத்தில் 55 சதவீதம். பக்கவிளைவால் மருந்தை மாற்ற வேண்டி வந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு. 2018இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் முடிவு வெளியானது. நம் கிளினிக் வாங்கில் இருந்தவர்கள் கொடுத்த பதில் அது. இதை நாம் இன்னும் பெருமையாகப் பேசலாம் என்பது என் எண்ணம்.

[திரை: இரத்தம் ஏறும் குழாய்.]

தலசீமியா, அதாவது பரம்பரையாக வரும், அடிக்கடி இரத்தம் ஏற்ற வேண்டிவரும் இரத்த நோயில் கதை கொஞ்சம் வேறு. ராகம ஆஸ்பத்திரியில் ஹைட்ரொக்சியூரியா என்ற பழைய மருந்தைச் சோதித்தபோது ஒரு பகுதியினருக்கு மருந்தில்லாத போலிக் குளிசை கொடுத்தார்கள். யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டொக்டருக்கும் தெரியாது. கேட்கும்போது திக்கென்றிருக்கும். ஆனால் இரத்தம் ஏற்றுவதை யாருக்கும் நிறுத்தவில்லை. குளிசை அதற்கு மேலே கூடுதலாகத்தான். கருவிலிருக்கும்போது உடம்பு தயாரிக்கும் ஒருவகை ஹீமோகுளோபின், தலசீமியாவில் உள்ள குறையை ஓரளவு ஈடுகட்டக்கூடியது, மருந்து எடுத்தவர்களில் கூடியது. ஆனால் எல்லோருக்கும் ஒரே மாதிரி வேலை செய்யவில்லை. ஆராய்ச்சி என்றால் இப்படி அரைகுறை பதிலும் வரும்.

மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகும் குடும்பங்கள் அதிகம் பயப்படுவது இந்தப் போலிக் குளிசைக்குத்தான். புற்றுநோயில், பலன் தரும் வைத்தியம் ஒன்று இருக்கும்போது அதை மறித்து வெறும் குளிசை கொடுக்க, ஆராய்ச்சிக்கு முன்பே அதைப் பரிசீலித்து அனுமதி தரும் நெறிமுறைக் குழு விடாது. இருக்கிற வைத்தியத்தோடு புது மருந்தைச் சேர்த்துப் பார்ப்பதுதான் அதிகம்.

[திரை: தமிழில் அச்சிட்ட தகவல் தாள், ஒரு விரல் வரிகளைத் தொட்டுப் போகிறது.]

சரி, நீங்கள் என்ன செய்ய வேண்டும்? தகவல் தாளைத் தமிழில் கேளுங்கள். சிங்களத் தாளை நீட்டி, "இதில் ஒரு கையெழுத்து" என்றால் போடாதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா, பதிவு எண் என்ன என்று கேளுங்கள். இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருத்துவ ஆய்வுப் பதிவேடு இணையத்தில் இருக்கிறது. அந்த எண்ணைப் போட்டு நீங்களே தேடிப் பார்க்கலாம்.

சேர்ந்த பிறகு பிடிக்காவிட்டால் எந்த நாளிலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்லை, வழக்கமான கிளினிக் அப்படியே தொடரும். ஆராய்ச்சியால் உடம்புக்கு ஏதும் வந்தால் செலவு யாருடையது என்பதையும் கேட்டுவிடுங்கள். அந்தப் பதில் வாய்ப்பேச்சில் இருந்தால் போதாது, தாளில் இருக்க வேண்டும்.