சாலைப் பணியில் தட்டுப்பட்ட கருப்பு மேடு

எல்லோருக்கும் வணக்கம். தொல்லியல் என்றதும் தங்கமும் பொற்காசும் எதிர்பார்த்து வந்தவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்று நான் பேசப்போவது உடைந்த கல்லையும் கரியையும் பற்றித்தான். ஊர், அயர்லாந்து.

1990களின் கடைசியிலிருந்து 2010 வரை அங்கே நெடுஞ்சாலைகளை மளமளவென்று போட்டார்கள். வேலை தொடங்குமுன் அந்தப் பாதையைத் தொல்லியலாளர்கள் பார்த்தாக வேண்டும். பல் இல்லாத அகல வாளி மாட்டிய இயந்திரம் மேல்மண்ணைச் சீவிக்கொண்டே போகும். கூடவே ஒருவர் மண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல் நடப்பார். ஓடைக்கரையோ சதுப்போ வந்தால் திடீரென்று மண் கருப்பாகும். அள்ளினால் கை முழுக்கக் கரி, நடுவில் கூர்கூராக வெடித்த கற்கள். இதுதான் எரிந்த மேடு. ஐரிஷ்காரர்கள் 'ஃபுலக்ட் ஃபீயா' என்பார்கள். இதுவரை 7,000-க்கும் மேல் பதிவாகியிருக்கின்றன. பெரும்பாலானவை வெண்கலக் காலத்தவை, அதாவது இரும்புக்கு முன் வெண்கலத்தில் கருவி செய்த காலம்.

தொல்லியலாளர் தானே இடம் பார்த்தால் கோட்டை, கல்லறைப் பக்கம் போவார். சேற்றில் இறங்கித் தோண்ட யாருக்கு ஆசை? சாலைக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது. மேடே தெரியாமல் உழுது சமமாக்கிய வயலுக்குள்ளும் நேராகப் புகுந்து போகும். இத்தனை மேடுகள் வெளியே வந்ததில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சரி, அங்கே என்ன செய்தார்கள்? தரையில் குழி வெட்டிப் பலகை அடித்து ஒரு தொட்டி. ஈரநிலம் என்பதால் தண்ணீர் தானாக ஊறும். மரத்தொட்டியை அடுப்பில் ஏற்ற முடியாதே. அதனால் நெருப்பைத் தண்ணீருக்குக் கொண்டுபோனார்கள். கல்லைப் பழுக்கக் காய்ச்சித் தொட்டிக்குள் போடுவது. எரிகிற சிம்னி விளக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் கண்ணாடி என்ன ஆகும்? கல்லுக்கும் அதே கதிதான். சில தடவைக்கு மேல் தாங்காது. உடைந்ததைத் தொட்டியைச் சுற்றி மூன்று பக்கமும் வீசுவார்கள். வந்துபோகிற பக்கம் மட்டும் காலியாக இருக்கும். மேடு குதிரை லாட வடிவத்தில் இருப்பது அதனால்தான். கல்லையும் பார்த்துத்தான் எடுத்தார்கள், மணற்கல் என்றால் விசேஷம். சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும் என்று வெற்றிலை போடுகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1950களில் ஓ'கெல்லி என்ற பேராசிரியர் கார்க் மாவட்டத்தின் பாலிவோர்னியில் இப்படியொரு தொட்டியைத் தோண்டி எடுத்து, அந்த முறையில் சமைத்தும் பார்த்தார். சுமார் 450 லிட்டர் தண்ணீர் அரை மணியில் கொதித்தது. வைக்கோல் சுற்றிய நாலரைக் கிலோ ஆட்டுத் தொடை 3 மணி 40 நிமிடத்தில் வெந்தது. சாப்பிட்டும் பார்த்தார்கள்!

அப்படியானால் சமையல்தான் என்று முடித்துவிடலாமா? எலும்பு அதிகம் கிடைப்பதில்லையே என்று எதிர்க்கேள்வி வந்தது. மண்ணின் அமிலம் அரித்துவிட்டது என்று ஒரு பதில். இல்லை, அது நீராவிக் குளியல் என்று 1980களில் இரண்டு பேர். தோல் பதனிட, கம்பளி அலச என்று வேறு சிலர். 2007இல் கால்வே நகரத்தின் தொல்லியலாளர்கள் இருவர் இதே முறையில் பார்லி பீர் காய்ச்சியே காட்டிவிட்டார்கள்.

எனக்கு இந்தச் சண்டையில் பெரிய ஆர்வமில்லை. பழைய வீடுகளில் ஒரு செம்பு அண்டா இருக்குமே, அது குளிக்கவா, நெல் அவிக்கவா, கல்யாணச் சாம்பாருக்கா என்று கேட்டால் பாட்டி நம்மை ஒரு மாதிரிதான் பார்ப்பார். நிறைய வெந்நீர் வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

என்னை நிறுத்திவைத்தது வேறொன்று. ஈரத்தில் கிடந்ததால் சில தொட்டிப் பலகைகள் மக்கவில்லை. வெண்கலக் கோடாரி செதுக்கிய தடங்கள் அப்படியே இருக்கின்றன. கோடாரி வாயில் ஒரு சின்னப் பல் உடைந்திருந்தால், ஒவ்வொரு வெட்டிலும் அதே இடத்தில் மெல்லிய கோடு விழும். தடங்களை ஒப்பிட்டு, இரண்டு பலகையையும் செதுக்கியது ஒரே கோடாரியா என்றுகூடப் பார்க்கிறார்கள். வெளியே எடுத்த பலகை காய்ந்தால் சுருங்கி வெடித்துவிடும். அதனால் எடுத்த கையோடு மறுபடி தண்ணீரில் போட்டு வைக்கிறார்கள்.