காதுக்கும் பாய்க்கும் நடுவே எத்தனை விரற்கடை?

(சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுத் தொழிலாளர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். பட்டறையில் காலை மடக்கி உட்கார்ந்து, பொழுது முழுக்கக் குனிந்தே பற்றவைக்கிற கழுத்து உங்களுடையது. அந்தக் கழுத்தை ராத்திரி என்ன செய்கிறோம்? இரண்டு தலையணையை அடுக்கி மல்லாந்து, மறுபடியும் முன்னால் வளைத்து வைக்கிறோம். காலையில் பிடரி பிடித்துக்கொண்டால் பழி முழுவதும் வேலை மேல் போகிறது.

மல்லாந்து படுப்பவருக்கு மெல்லிய தலையணை போதும். முகம் கூரையைப் பார்க்க வேண்டும். ஒருக்களித்துப் படுப்பவருக்குக் கணக்கே வேறு. தோள் சுவரில் படும்படி பக்கவாட்டில் நேராக நில்லுங்கள். சுவருக்கும் காதுக்கும் உள்ள இடைவெளியை வீட்டில் ஒருவர் ஸ்கேல் வைத்து அளக்கட்டும். தலை அமுக்கிய பிறகும் தலையணை அந்த உயரம் நிற்க வேண்டும். இலவம்பஞ்சு நாளாக நாளாக அமுங்கும், அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். மெத்தையில் தோள் புதையும், அங்கே உயரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். பாயில் புதையாது. முட்டிகளுக்கு நடுவே மடித்த போர்வை ஒன்று வையுங்கள். இல்லாவிட்டால் மேல்கால் முன்னால் சரிந்து இடுப்பை முறுக்கும். குப்புறப் படுத்தால் மூச்சுக்காகக் கழுத்தை மணிக்கணக்கில் ஒரே பக்கம் திருப்பியாக வேண்டும். அதை விட்டுவிடுவதே நல்லது.

தட்டுவடை செட், பரோட்டா என்று நேரம் கழித்துச் சாப்பிட்டு நெஞ்செரிகிறவர்கள் இடப்பக்கம் படுங்கள். அப்போது உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே இரைப்பை தங்கும், அமிலம் மேலேறுவது குறையும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து 15 செ.மீ. உயர்த்தலாம். தலையணையை அடுக்கினால் வயிறுதான் மடங்கும், எரிச்சல் கூடும்.

மல்லாந்தால் நாக்கு பின்னால் சரிந்து குறட்டை வலுக்கும். ஒருக்களித்தால் பலருக்குக் குறையும். ஆனால் தூக்கத்தில் மூச்சு நின்று திணறி விழித்தால், பகலில் கண் சொருகினால், தயவுசெய்து டாக்டரைப் பாருங்கள். நீங்கள் தீ முன்னால் உட்காருகிறவர்கள்.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்கு மேல் ஒருக்களித்தே தூங்கப் போக வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை மல்லாக்கப் போடுங்கள். தலை உருண்டையாகட்டும் என்று பாட்டிமார் வைக்கிற கடுகுத் தலையணை வேண்டாம். அவர்கள் ஆசை புரிகிறது, ஆனால் குழந்தையின் மூச்சு அடைபடலாம்.

எழுகிறபோது விலுக்கென்று நிமிராதீர்கள். பக்கவாட்டில் திரும்பி, முட்டியை மடக்கி, கையை ஊன்றி உடம்பைத் தூக்குங்கள். தலை கடைசியில் வரட்டும்.